மருக்கொழுந்து ஜின்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் மூவர். ஜின் என்னும் மதுவை வடிப்பதில் ஆசிரியரான வியாகுலம் அம்மாள். அவரிடம் பதினொரு மாதங்களாகப் பயிலும் கோதண்டபாணி. வடிகலத்தின் அடுப்பைக் கவனிக்கும் அந்துவான். தாங்களும் அங்கே இருந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்களை நம்ப வேண்டியதில்லை.

ஆசிரியருக்கு வயது நாற்பத்தொன்று. மாணவருக்கு ஐம்பத்து நான்கு.

"அம்மா, ஜின்களில் உங்களுக்குப் பிடித்தது எது? அதை எப்படி அருந்துவீர்கள்? பதினொரு மாதமாகக் கேட்கிறேன்" என்றார் கோதண்டபாணி.

வியாகுலம் எழுந்து சன்னலைத் திறந்தார். வெளியே சவுக்குத் தோப்பு. புதுச்சேரிக் கடற்காற்று உள்ளே வந்தது.

கோதண்டபாணி வெகுநேரம் யோசித்தார்.

"இதுதான் பதிலா, அம்மா?"

"இல்லை. புழுக்கமாக இருந்தது."

அந்துவான் சிரித்தான்.

சுவரோரம் மூன்று எஃகுப் பாத்திரங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அடியில் ஒரு குழாய், உள்ளே இருபது லிட்டர் ஜின். மூன்றிலும் ஜின்னுக்கு மணம் தரும் ஜூனிப்பர் காயும் கொத்தமல்லி விதையும் உண்டு. முதலாவதில் அவற்றோடு நார்த்தந்தோல். இரண்டாவதில் ஏலம். மூன்றாவதில் மருக்கொழுந்து. மூன்றிலிருந்தும் எடுத்த மாதிரிகள் மேசைமேல் கண்ணாடிக் குவளைகளில் காத்திருந்தன.

"உங்களுக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதைத்தான் இந்த ஆண்டு புட்டிகளில் அடைப்போம். மற்ற இரண்டும் சாக்கடைக்கு" என்றார் வியாகுலம்.

"பிறகு?"

"ஒழுங்காகத் தேர்ந்தால், நாளையிலிருந்து கலவைக்கு நீங்களே பொறுப்பு. இல்லையென்றால் உங்கள் பழைய ஓட்டலுக்குத் திரும்பிவிடலாம்."

அந்த ஓட்டலின் மதுக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள், பிறர் கேட்டதைப் பிறர் கேட்டபடி கலந்து கொடுத்தவர் கோதண்டபாணி. மீண்டும் அங்கே போய் நிற்பதை நினைத்த மாத்திரத்தில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அமர்ந்தார். எழுந்தார். நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தார்.

"பனிக்கட்டியோடு பார்ப்பதா, தனியாகவா?"

"உங்கள் வாய், உங்கள் விருப்பம்."

"டானிக் சேர்க்கலாமா?"

"டானிக்கா? ஏன் ஐயா, உடம்புக்கு என்ன?" என்றான் அந்துவான்.

"நீ அடுப்பைப் பார்."

"அடுப்பை அணைச்சு ஒரு மணி நேரம் ஆச்சு."

கோதண்டபாணி முதல் குவளையில் டானிக் என்னும் கசப்புச் சோடாவை ஊற்றினார். அரைப் பக்கம் எழுதினார். இரண்டாவதில் பனிக்கட்டியைப் போட்டார். ஒரு பக்கம் எழுதினார். சன்னல்வரை நடந்து திரும்பினார். மூன்றாவதைத் தனியாகச் சுவைத்தார், தொண்டை எரிந்தது. டானிக்கோடு சுவைத்தார், கசப்பு மணத்தை மூடிக்கொண்டது. பனிக்கட்டியோடு சுவைத்தார், மணமே அடங்கிவிட்டது.

கடைசியில், வேறு வழி தோன்றாமல், சரிபாதி பானைத் தண்ணீர் சேர்த்தார்.

முகர்ந்தார். ஒரு வாய் அருந்தினார்.

பேனாவைக் கீழே வைத்தார்.

இன்னொரு வாய் அருந்தினார். எதுவும் எழுதவில்லை. கண்களை மூடிக்கொண்டு சிரித்ததை அந்துவான் பார்த்தான். வியாகுலமும் பார்த்தார்.

பிறகு கண்களைத் திறந்தார்.

"அம்மா, இந்த மூன்றாவதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"கேட்காதீர்கள்."

"ஒரு சொல் போதும்."

"கேட்காதீர்கள் என்றேன்."

"ஒரே ஒரு சொல், அம்மா. காலில் விழட்டுமா?"

"ஐயோ, நிஜமாவே விழுந்துடுவாரு போல" என்றான் அந்துவான்.

வியாகுலம் சுண்ணக்கட்டியை எடுத்தார். மூன்றாம் பாத்திரத்தின்மேல் ஒரே சொல்லை எழுதினார்.

நாற்றம்.

கோதண்டபாணி அதைப் படித்தார். குவளையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனார். அவருடைய முகம் மெல்லச் சுருங்கியது.

"ஆமாம். எனக்கும் முதலிலேயே பட்டது. அடியில் ஏதோ ஓர் அழுகல் வாடை. இவன் மருக்கொழுந்தை அதிக நேரம் ஊறவிட்டிருக்கிறான்."

"நானா? கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு பக்கத்துல நின்னது நீங்கதான ஐயா?"

"இரண்டாவதுதான். ஏலம். தேர்ந்துவிட்டேன்."

"அப்படியானால் மற்ற இரண்டையும் திறந்துவிடுங்கள்" என்றார் வியாகுலம்.

அந்துவான் அசையவில்லை. கோதண்டபாணி தாமே போய் முதல் பாத்திரத்தின் குழாயைத் திறந்தார். அது ஓடித் தீர்ந்தது. பிறகு மூன்றாவதைத் திறந்தார்.

கோயில் வாசலில் பூக்கூடையைக் கவிழ்த்தாற்போல் அறை முழுவதும் மணத்தது. குழாய்மேல் வைத்த கையை அவர் எடுக்கவில்லை, மூடவும் இல்லை.

கடைசி லிட்டர் இறங்கிக்கொண்டிருந்தபோது அந்துவானால் பொறுக்க முடியவில்லை.

"என்ன ஐயா இப்படிப் பண்ணிட்டீங்க? நாற்றம்னு எழுதினா கெட்டதுன்னுதான் அர்த்தமா? அந்தக் காலத்துல பூவோட வாசனைக்கும் அதே பேருதான். எங்க தமிழ் வாத்தியார் அடிச்சுச் சொல்லிக் கொடுத்தாரு. கெட்டதா இருந்தா முன்னாடி ஒரு 'துர்' போடுவாங்கல்ல?"

கோதண்டபாணி பாய்ந்து குழாயை மூடினார்.

"எனக்குத் தெரியும்! தண்ணீர் சேர்த்து அருந்தியபோதே தெரியும். மூன்றில் இதற்கு ஈடு எதுவும் இல்லை. அம்மா, நீங்கள் புகழ்ந்துதானே எழுதினீர்கள்?"

"இல்லை" என்றார் வியாகுலம். "கெட்ட வாடை என்ற பொருளில்தான் எழுதினேன். மருக்கொழுந்து எனக்குச் சிறுவயது முதலே ஆகாது."

கோதண்டபாணியின் முகத்தில் நிம்மதி பரவியது.

"அப்படியென்றால் நானும் சரியாகத்தான்..."

தாம் சொல்வது தமக்கே கேட்டதும் வாக்கியம் பாதியில் நின்றது.

வியாகுலம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முடிக்கச் சொல்லவில்லை.

கோதண்டபாணி குவளையைக் கழுவினார். மூன்றாம் பாத்திரத்தைச் சாய்த்து, அடியில் தங்கியிருந்ததை வழித்தெடுத்தார். இரண்டு வாய்தான் தேறியது. அதே அளவு தண்ணீர் சேர்த்தார். முக்காலியில் அமர்ந்து, அவசரமின்றி, கடைசித் துளிவரை அருந்தினார்.

"எப்படி இருக்கு ஐயா?" என்றான் அந்துவான்.

கோதண்டபாணி காலிக் குவளையை மேசைமேல் வைத்தார், எழுந்தார், இந்த முறை வியாகுலத்தின் கருத்தைக் கேட்காமலே வெளியே நடந்தார்.