பெல்ஜியம், பிரேசில், பொள்ளாச்சி

மிருதுளாவிடம் சீடராகச் சேர்ந்தபோது ஆறுச்சாமிக்குத் தலை பாதி நரைத்திருந்தது. பொள்ளாச்சிக்காரர். வாரப் பத்திரிகைகளில் சித்திரக்கதை வரைந்து பேர் வாங்கியவர். மிருதுளாவுக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் வாய் நிறைய "குருவே" என்றுதான் கூப்பிடுவார்.

மிருதுளா உருவாக்குவது மாயாஜால விளையாட்டுகள். மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு வீரராக மாறி, "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்லி, பகடை உருட்டிக் கதையை நடத்திப் போவார்கள். புதிய விளையாட்டின் புத்தகத்துக்கு ஓர் ஓவியர் தேவைப்பட்டார். பெல்ஜியத்திலிருந்தும் பிரேசிலிலிருந்தும் இரண்டு சித்திரக்கதை ஓவியர்கள் நாகக் குகைக் காட்சியை மாதிரிக்கு வரைந்து அனுப்பியிருந்தார்கள். ஆறுச்சாமியும் ஒன்று வரைந்து கொடுத்திருந்தார். அந்தப் புத்தகத்தைத் தானே வரைய வேண்டும் என்று அவருக்குக் கொள்ளை ஆசை.

"குருவே, இதுக்கு ஏத்த ஓவியர் யாருங்க?"

"எனக்கென்னங்கண்ணா தெரியும்? ஆடறவங்களையே கேப்போம்."

ஆட வந்தவர்கள் முன்னால் மிருதுளா முதலில் பெல்ஜியத்துப் படத்தை வைத்தார். நாகத்தின் செதிலைக்கூட விடாமல் வரைந்திருந்தார் மனிதர். வீரன் வாளை வீச, நாகத்தின் தலை தனியே பறந்துகொண்டிருந்தது.

"சரி, இப்ப நீங்க என்ன செய்யறீங்க?" என்று கேட்டார் மிருதுளா.

"அதான் வெட்டியாச்சே" என்றார் ஒருவர்.

அடுத்தது ஆறுச்சாமியின் படம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா? ஆடுபவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். செத்த நாகத்தின் மேல் ஏறி நின்று வீரன் சிரித்தான். மேசையே கை தட்டியது.

"அடேயப்பா, என்ன முகக்களை!"

ஒருவர் போனில் படமே எடுத்துக்கொண்டார். ஆறுச்சாமிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"நீங்க என்ன செய்யறீங்க?" என்று மிருதுளா மறுபடியும் கேட்டார்.

யாரும் பகடையைத் தொடவில்லை.

கடைசியாகப் பிரேசில் படம். சில கோடுகள்தான். ஒரு குகை வாசல். ஈரச் சேற்றில் உள்ளே போகும் காலடித் தடம். வீரனும் இல்லை, நாகமும் இல்லை.

"பாதியிலேயே அனுப்பிட்டாருங்க போல" என்று சிரித்தார் ஆறுச்சாமி.

"யாரோ உள்ள போயிருக்காங்க" என்றாள் ஆட வந்த ஒரு பெண். "திரும்பி வந்த தடமே இல்லையே."

"தீப்பந்தத்தை அணை. அது பாத்துரும்."

"அணைச்சா எனக்கு எப்படிக் கண்ணு தெரியும்? நான் முன்னாடி போறேன், நீ கயித்தைப் பிடி."

"கயிறு எங்கிட்ட இல்லையே!"

பகடை உருண்டது. ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள்.

ஆறுச்சாமிக்குப் பொறுக்கவில்லை. மெல்ல மிருதுளாவின் பக்கம் சாய்ந்தார்.

"குருவே, என் படத்துக்குக் கை தட்டினாங்களே. இது எந்த விதத்துல ஒசத்திங்க?"

மிருதுளா மேசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்க படத்தை எல்லாரும் பாராட்டினாங்கண்ணா. இதை ஒருத்தராவது பாராட்டறாங்களா, பாருங்க."