பதினேழாம் பாடம்

"முப்பத்தெட்டுப் பேரும் எப்படிம்மா சரியா எழுதினாங்க?"

பேராசிரியர் மாசிலாமணி கேட்டார்.

ரமீஜா கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே சொன்னார்:

"தப்பா எழுதியிருந்தா வந்திருப்பீங்களா சார்?"

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. ஐந்து மணி நேரம் காரில் வந்திருந்தார். வயது ஐம்பத்தேழு. பல்கலைக்கழகத்தின் இணையவழிக் கல்வி மையத்துக்கு அவர்தான் இயக்குநர். அதைத் தொடங்கியவரும் அவரே. படப்பிடிப்பு அறை, பாடங்கள் ஏறும் தளம், யார் எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்று காட்டும் வண்ண வரைபடங்கள், ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறைகள், எல்லாம் அவர் கையால் உருவானவை. எழுபது கல்லூரிகளில் இயந்திரவியல் பாடம் என்றால் திரையில் அவர் முகம்தான்.

ரமீஜா அவற்றில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். வயது முப்பத்துமூன்று. கோவில்பட்டிக்குத் தெற்கே, பேருந்து நின்று போகும் ஒரு சிற்றூர்.

விவகாரம் இதுதான். போன பருவத் தேர்வில் ஒரு கேள்வி. மிதிவண்டியை மிதிக்கும்போது பின்சக்கரத்தின் மேல் தரையின் உராய்வு விசை எந்தத் திசையில் இருக்கும்? அம்பு வரைந்து காரணம் எழுதுக.

பதினோராயிரம் பேர் எழுதினார்கள். பத்தாயிரத்துக்கும் மேலானவர்கள் அம்பைப் பின்னோக்கி வரைந்துவிட்டார்கள். முன்னோக்கி என்பதே சரி. சரியாக வரைந்தவர்கள் அங்கொருவர் இங்கொருவர்.

இந்தக் கல்லூரியில் மட்டும் முப்பத்தெட்டுக்கு முப்பத்தெட்டு.

காப்பி என்று முடிவு கட்டி, தேர்வு முடிவை நிறுத்தி வைத்துவிட்டார்கள். விசாரிக்க மாசிலாமணியை அனுப்பினார்கள்.

அவர் பையிலிருந்து விடைத்தாள் நகல்களை எடுத்து மேசையில் பரப்பினார்.

"இருபத்தொன்பது பேர் ஒரே வார்த்தையை எழுதியிருக்காங்க. பவுடர். உராய்வுக் கேள்வியில பவுடர் எங்கேருந்து வந்தது? என்ன, ரகசிய வார்த்தையா?"

"பவுடர்னா பவுடர்தான் சார்."

"விளையாடாதீங்க. உங்க வேலை போயிடும்."

"தெரியும்."

"பிள்ளைங்க ரிசல்ட்டும் நிக்குது."

ரமீஜா டஸ்டரைக் கீழே வைத்தார். முதல் தடவையாக அவர் முகம் மாறியது.

"அதுவும் தெரியும் சார். ரெண்டு பொண்ணுங்களை வீட்டில நிறுத்திட்டாங்க. காப்பியடிச்சு மாட்டினவளுக்குப் படிப்பு எதுக்குன்னு. நான் போய்ப் பேசினேன். வாசல்லயே நிக்க வச்சுட்டாங்க."

"அப்ப உண்மையைச் சொல்லுங்க."

"சொன்னா நம்ப மாட்டீங்க. பதினொன்னேகாலுக்கு இந்த வருஷத்துப் பிள்ளைங்களுக்கு வகுப்பு. கடைசி பெஞ்சில இடம் இருக்கு."

"நான் விசாரணைக்கு வந்திருக்கேன்."

"அதனாலதான் சார் சொல்றேன்."

மாசிலாமணி கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கால் நீட்ட இடமில்லை. முட்டி இடித்தது.

மாணவர்கள் வந்தார்கள். ஒருவன் அவரைப் பார்த்து, "ஆடிட்டிங்கா சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் முன்வரிசைக்குப் போனான்.

ரமீஜா திரையை இறக்கினார். பதினேழாம் பாடம் ஓடத் தொடங்கியது.

திரையில் கோட்டும் டையும் அணிந்த மாசிலாமணி வந்தார். எட்டு வருடத்துக்கு முந்தைய மாசிலாமணி. அடர்ந்த கருப்பு முடி. கண்ணாடி கிடையாது. பேச்சில் தயக்கமே இல்லை. கடைசி பெஞ்சில் வழுக்கைத் தலையோடு உட்கார்ந்திருப்பவர் அவர்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவருக்கே தன்னைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. நல்ல பாடம். தளத்தில் அதிகம் பேர் கடைசிவரை பார்த்த பாடங்களில் அது மூன்றாவது.

நான்காவது நிமிடம். திரையில் இருந்தவர் விரலை உயர்த்திச் சொன்னார்: "நினைவில் வையுங்கள். உராய்வு விசை எப்போதும் இயக்கத்துக்கு எதிர்த்திசையிலேயே செயல்படும்."

ரமீஜா அங்கே நிறுத்தினார்.

உயர்ந்த விரலோடு திரையில் அவர் உறைந்து நின்றார்.

ரமீஜா ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

ஒரு நிமிடம் போனது. மாணவர்கள் திரையைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

இரண்டு நிமிடம். வகுப்பில் இப்படி வெறுமனே நேரம் போவதை மாசிலாமணியால் பொறுக்க முடியவில்லை. அவர் மையத்தில் பத்து நொடி மௌனம் வந்தாலே வெட்டி எறிந்துவிடுவார்கள். தொண்டையைச் செருமினார்.

ரமீஜா அவர் பக்கம் திரும்பி, உதட்டில் விரலை வைத்தார்.

ஆசிரியரான பிறகு ஒரு வகுப்பறையில் அவரைப் பேசாதே என்று ஒருவர் சொன்னது அன்றுதான்.

மூன்றாவது நிமிடத்தில், ஆடிட்டிங்கா என்று கேட்ட பையன் கையைத் தூக்கினான். இசக்கிராஜா.

"மேடம், ஒரு டவுட்டு. கேக்கலாமா, சிரிப்பீங்களா?"

"கேளு."

"உராய்வு இல்லாட்டி நடக்கவே முடியாதுன்னு போன பாடத்துல இதே சார்தான் சொன்னாரு. இப்ப அது எதிர்த்திசைங்காரு. நம்மளைப் பின்னால இழுக்குத ஒண்ணு இல்லாட்டி நம்மளால முன்னால போக முடியாதா? இது என்ன கணக்கு?"

வகுப்பு சிரித்தது. ரமீஜா சிரிக்கவில்லை.

"எனக்குச் சொல்லத் தெரியலைப்பா. செருப்பைக் கழட்டிட்டு இங்க வா."

அவன் வந்தான். ரமீஜா தன் கைப்பையைத் திறந்து முகத்துக்குப் போடும் பவுடர் டப்பாவை எடுத்தார். மொசைக் தரையில் நன்றாகக் கொட்டித் தேய்த்தார்.

கடைசி பெஞ்சில் மாசிலாமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது மேல நில்லு. ஓட்டப் பந்தயத்துல கிளம்புற மாதிரி காலை அழுத்தி உந்து. ரெண்டு பேர் பக்கத்துல நின்னு பிடிச்சுக்குங்க."

இசக்கிராஜா உந்தினான். கால் சறுக்கிக்கொண்டு போனது. இரண்டு பேரும் அக்குளில் பிடித்துத் தூக்கினார்கள்.

"கால் எந்தப் பக்கம் போச்சு?"

"பின்னால மேடம்."

"பவுடர் இல்லாட்டி?"

"போகாது. தரை பிடிச்சுக்கிடும்."

"பின்னால போற காலைத் தரை எந்தப் பக்கமாத் தள்ளிப் பிடிக்கும்?"

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"முன்னால," என்றான். குரல் இறங்கியிருந்தது. "அப்ப நம்மளை முன்னால தள்ளுறதே உராய்வுதானா?"

யாரும் சிரிக்கவில்லை.

மற்றவர்களும் எழுந்து வந்தார்கள். ஒவ்வொருவராகப் பவுடரில் ஏறி உந்திப் பார்த்தார்கள். ஒரு பெண் விழுந்தாள். எழுந்து மறுபடி உந்தினாள். இன்னொருத்தி, "அப்ப பைக் டயரும் இப்படித்தானே?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டே இடத்துக்குப் போய் எதையோ வரைந்தாள்.

அவள் வரைந்த அம்பு எந்தப் பக்கம் என்று பார்க்க மாசிலாமணி எழுந்திருக்க வேண்டியிருக்கவில்லை.

இசக்கிராஜா திரையைப் பார்த்தபடி நின்றான். விரல் இன்னும் உயர்ந்தே இருந்தது.

"மேடம், அப்ப இந்த சார் சொன்னது தப்பா?"

"அவரையே கேளேன்."

"அவரை எங்க போய்க் கேக்க?"

ரமீஜா கடைசி பெஞ்சைக் காட்டினார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. திரையைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மறுபடி திரையைப் பார்த்தார்கள். யாரோ, "அட, ஆமா!" என்றார்கள்.

மாசிலாமணி எழுந்தார். பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவே நேராக நிற்க முடியவில்லை. கொஞ்சம் குனிந்தபடியேதான் நிற்க முடிந்தது.

எத்தனையோ சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியத்துக்கு அடுத்து இன்னொரு வாக்கியம் இருந்தது. உரசும் இரண்டு பரப்புகளில் எது எதன் மேல் வழுக்கப் பார்க்கிறதோ, அதற்குத்தான் எதிர்த்திசை என்று. எழுதி வைத்திருந்தார். பாடம் பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அவர் போட்ட விதி. இரண்டாவது வாக்கியத்தை அடித்ததும் அவர் பேனாதான்.

"தப்புதான் தம்பி," என்றார்.

இசக்கிராஜா அவர் குனிந்து நிற்பதைப் பார்த்தான். பிறகு, "உக்காருங்க சார், கால் வலிக்கும்," என்றான்.

மணி அடித்தது. வகுப்பு கலைந்தது. தரையெல்லாம் வெள்ளைக் கால்தடங்கள்.

ரமீஜா துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தார். மாசிலாமணி மெல்ல நடந்து வந்தார். வழுக்கிவிடுமோ என்று பார்த்துப் பார்த்துக் காலை வைத்தார்.

"எத்தனை வருஷமா உங்களுக்குத் தெரியும்?"

"மூணு வருஷமா."

"எனக்கு எழுதியிருக்கலாமே!"

"மூணு தடவை எழுதினேன் சார். மூணு தடவையும் உடனே பதில் வந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகலை."

"என்னன்னு?"

"உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். நன்றி."

அது மாசிலாமணி ஏற்பாடு செய்த தானியங்கிப் பதில். ஒரு பட்டறையில் அந்தப் பதிலைக் காட்டிக் கைதட்டு வாங்கியிருக்கிறார். எழுதுகிற ஆசிரியர் ஒருவர்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை என்று பேசினார்.

"இன்னைக்கே அந்தப் பாடத்தைத் தளத்திலேருந்து எடுத்துடறேன்," என்றார். "திருத்திப் போடுறேன்."

"போடுங்க சார். மத்த ஊர்ப் பிள்ளைங்களுக்கு வேணும்."

"உங்களுக்கு?"

"எனக்குப் பழசையே ஒரு பென் டிரைவில போட்டுக் குடுத்துருங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"அம்மா," என்றார். காலையில் கூப்பிட்ட அம்மா இல்லை இது. "முப்பது வருஷம் சொல்லிக் குடுத்துட்டேன். இனி நான் என்ன செய்யணும்?"

ரமீஜா குப்பையை அள்ளிக் கூடையில் போட்டார். கையைத் தட்டிக்கொண்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ரெண்டு மணிக்கு அடுத்த பிரிவு வரும் சார். அவங்களுக்குப் பதினெட்டாம் பாடம்."

"அதிலயும் தப்பு இருக்கா?"

"தெரியாது சார். இந்த வருஷத்துப் பிள்ளைங்க இன்னும் பாக்கலையே."

மாசிலாமணி வெளியே போய், நான்கு மணிக்கு மேல்தான் கிளம்ப முடியும் என்று டிரைவரிடம் சொன்னார். திரும்பி வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு மணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணிடம் ஒரு தாளும் பேனாவும் இரவல் வாங்கினார்.

அன்று மாலை, ஊருக்குத் திரும்பும் வழியில், நிறுத்தப்பட்ட இரண்டு பெண்களின் வீட்டுக்கும் காரைத் திருப்பச் சொன்னார். ரமீஜாவும் கூட வந்தார். முதல் வீட்டில் மாசிலாமணியையும் வாசலில்தான் நிற்க வைத்தார்கள். வாசலில் நின்றபடியே சொன்னார்: "உங்க பொண்ணு எழுதினது சரி. நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு." அந்த வீட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏட்டி மகராசி, சாருக்கு ஒரு நாற்காலி எடுத்துட்டு வா," என்றார்.

வியாழக்கிழமை கூட்டம். துணைவேந்தர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், இன்னும் நான்கு பேர்.

மாசிலாமணி ஒரே பக்கத்தில் அறிக்கை கொடுத்தார். முப்பத்தெட்டுப் பேரும் தாங்களாகவே சிந்தித்து எழுதியவர்கள், முடிவை இன்றே வெளியிட வேண்டும் என்று இருந்தது.

"உறுதியாச் சொல்றீங்களா?" என்றார் துணைவேந்தர்.

"நேர்ல பார்த்தேன்."

"அந்தப் பவுடர்?"

"பவுடர்னா பவுடர்தான் சார்."

துணைவேந்தர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். முப்பது வருட நம்பிக்கை. கையெழுத்துப் போட்டுத் தாளைத் தேர்வு அலுவலரிடம் நகர்த்தினார். முப்பத்தெட்டுப் பேரின் முடிவும் அன்று மாலையே வெளிவரும் என்று ஆனது.

தேர்வு அலுவலருக்கு மனம் ஆறவில்லை. பேனாவை மூடியபடி கேட்டார்:

"ஆக, காப்பியே நடக்கலைங்கறீங்க?"

"நடந்திருக்கு."

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"எத்தனை பேர்?"

"பத்தாயிரத்துச் சொச்சம்."

"என்ன சார் சொல்றீங்க? யாரைப் பார்த்து?"

"என்னை."