இன்னும் எத்தனை தடவை

குரு என்றால் தாடி இருக்க வேண்டும் என்பார்கள். மதுரையில் அந்த மென்பொருள் அலுவலகத்தில் தாடி சிஷ்யனுக்குத்தான் இருந்தது, அதுவும் நரைத்துப்போய். சிஷ்யன் மாசிலாமணி. குரு நசீமா, குழுத் தலைவி, அவரைவிட ரொம்பச் சின்னவள்.

அவர்கள் செய்த மென்பொருள் ஒரு டயாலிசிஸ் மையத்தில் ஓடியது. திரையில் பெயர் வந்தால்தான் நோயாளிக்குப் படுக்கை. மாசிலாமணியின் மச்சானும் அங்கே போகிறவர். திரையை அண்ணாந்து பார்த்தபடி நிற்கும் முகங்களை இவர் பார்த்திருக்கிறார்.

அந்த மென்பொருளை அடியிலிருந்து ஓட்டும் ரன்டைம் பழசாகிவிட்டது. மறுநாள் காலை மையத்துக்குப் புதுக் கணினிகள் வருகின்றன. அவற்றில் புது ரன்டைம் மட்டும்தான் இருக்கும். அதற்கேற்ப, நிரலை ஓடும் வடிவமாகக் கட்டித் தரும் பில்டை மாற்றுவதில் மாசிலாமணிக்கு ஒரு வாரத் தூக்கம் போயிற்று. சாயங்காலம் ஓட்டிப் பார்த்தபோது, பிழையில்லை என்று திரையில் எல்லாம் பச்சையாக வந்தது. கொண்டாடத் தெம்பில்லை.

"முடிஞ்சது மேடம்" என்றார்.

நோன்பு திறக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்த நசீமா நிமிர்ந்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா? இதோட மூணு தடவை மாத்திட்டேன். இந்தப் புதுசும் பழசாகும், திரும்ப மாத்தணும். செக்குமாடு மாதிரி சுத்துறேன். இன்னும் எத்தனை தடவை மேடம்?"

"உங்க மெஷின்ல பழைய ரன்டைம் இருக்கா சார்?"

"இருக்கு. ஒரு பாதுகாப்புக்கு."

"எடுத்துடுங்க."

"வேலைதான் முடிஞ்சிருச்சே. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"எடுங்க சார்."

எடுத்தார்.

"இப்ப பில்ட் ஓட்டுங்க."

திரை முழுக்கச் சிவப்பு.

மாசிலாமணி நிரலைத் திறந்தார். தேடிக்கொண்டே போனார். முதல் தடவை மாற்றியபோது அவரே எழுதிய ஒரு வரி அங்கே கிடந்தது: புதியதில் ஓடாவிட்டால் சத்தமில்லாமல் பழையதை எடுத்துக்கொள். மூன்று தடவையும் பில்ட் அந்தச் சொல்லைத் தட்டாமல் பழையதிலேயே ஓடியிருக்கிறது. மையத்திலும் பழையதை அழித்துவிடாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கெஞ்சியவர் அவர்தான். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றே காலத்தை ஓட்டியிருக்கிறார்.

"காலைல அங்க பழசு இருக்காதே மேடம்" என்றார். "முதல் ஷிப்ட்ல என் மச்சான்."

"தெரியும் சார்."

வெளியே பாங்கு கேட்டது. நசீமா ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்தாள். இன்னொன்றை அவர் மேசையில் வைத்தாள். நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

மாசிலாமணி அந்த வரியை அழித்தார். எழுந்து முகம் கழுவக்கூட உடம்பு வரவில்லை.

"முடியல மேடம். எத்தனை தடவைதான் மாத்துறது?"

"இதுதான் சார் முதல் தடவை."