வரிசையில் நின்ற ராஜா

முன்னொரு காலத்தில் ஒரு தேசத்தை ஆண்ட ராஜாவுக்குக் கோபமும் மோப்பமும் ஒருசேர மூக்கின்மேல் இருந்தன. வேட்டைக்குப் போகும் வழியில் கரம்பையூரைக் கடந்தவர் அந்த மூக்கைப் பொத்திக்கொண்டே திரும்பினார்.

"நாளை முதல் சுவரும் கூரையும் இல்லாத இடத்தில் எவரும் ஒதுங்கலாகாது! கலங்கிய நீரை எவரும் குடிக்கலாகாது!" என்று சபையில் ஆணையிட்டார்.

விகடகவி மருதக்குட்டியின் பேச்சுக்கே ராஜா காது கொடுப்பதில் மந்திரி அனந்தகீர்த்திக்கு வெகுநாள் எரிச்சல். "பிரபோ, கரம்பையூர் இவன் பிறந்த ஊர். ஆணையை அங்கே இவனே நிறைவேற்றட்டும். ஒருவர் மீறினாலும் இவனை நாடு கடத்திவிடலாம்" என்றார். ராஜா தலையசைத்தார்.

மருதக்குட்டிக்குத் தன் ஊரின் நிலை தெரியும். அந்த ஊரில் ஒரு கழிப்பறைகூடக் கிடையாது. குடிக்க ஒரே குட்டை. அதில்தான் மாடும் இறங்கும். போன ஆடியில் இருட்டியபின் காட்டுக்கு ஒதுங்கப் போன அவன் தங்கை பாம்பு தீண்டிச் செத்தாள். அவன் ஆணை ஓலையை வாங்கிக்கொண்டு நேரே ஊருக்கு நடந்தான்.

மறுநாள் விடிந்ததும் ராஜா அரண்மனைக் கழிப்பறைக்கு விரைந்தார். வாசலில் கரம்பையூரே வரிசை கட்டி நின்றது. ராஜமுத்திரை ஓலையைப் பார்த்த காவலர்கள் கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். அரண்மனைக் கிணற்றிலும் குடங்கள் நிரம்பிக்கொண்டிருந்தன.

"என்ன அக்கிரமம் இது?"

வரிசையின் முன்னால் நின்ற பேச்சாயி நகரவில்லை. "ஒங்க உத்தரவுதான் சாமி. சுவரும் கூரையும் இங்கதான இருக்கு. முதக்கோழி கூவக் கெளம்புனோம். பின்னால போயி நில்லுங்க."

ராஜா நெளிந்தார். அனந்தகீர்த்தி ஓடிவந்து, "பிரபோ, நந்தவனத்துப் புதர் மறைவில்..." என்று கிசுகிசுத்தார்.

"ஆகாது மந்திரியாரே! எவரும் என்றால் அரசரும் அடக்கம்" என்று வரிசையிலிருந்து முன்வந்தான் மருதக்குட்டி.

"உன் தலையை வாங்கிவிடுவேன்!"

"வாங்குங்கள் அரசே. ஆனால் நாளையும் இவர்கள் இங்கேதான் வருவார்கள். மறைவாக ஓர் இடம் இருந்திருந்தால், பொழுது சாயும்வரை அடக்கிக் காட்டுக்குப் போன என் தங்கை பாம்பு தீண்டிச் செத்திருக்க மாட்டாள்."

ராஜாவின் நெற்றியில் வேர்வை அரும்பியது. பேச்சாயி மனமிரங்கினாள். "பாவம், வேர்த்து ஊத்துது. வழி விடுங்கடி!"

உள்ளே ஓடிய ராஜா சற்றுப் பொறுத்துத் தெளிந்த முகத்தோடு வெளியே வந்தார். "அரை நாழிகை அடக்கியதற்கே உயிர் போய் வந்தது. நீங்கள் எப்படியம்மா பொழுது சாயும்வரை?"

"பழகிப்போச்சு சாமி. வேற என்ன செய்ய?"

ராஜா தலைகுனிந்தார். பிறகு கரம்பையூரில் வீட்டுக்கொரு கழிப்பறையும், அவற்றுக்கு எட்டத் தள்ளிக் கல்கட்டிய கிணறும் அமைக்கக் கட்டளையிட்டு, தம் முத்துமாலையை மருதக்குட்டிக்கு அணிவித்தார்.

"மாலை போதும் அரசே. ஒரே ஒரு விண்ணப்பம். வேலை முடியும்வரை மந்திரியார் கரம்பையூரிலேயே தங்கி மேற்பார்வை பார்க்கட்டும்."

அனந்தகீர்த்தியின் முகம் போன போக்கைப் பார்த்து ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்படியே ஆகட்டும்!"

கோட்டை மதிலுக்கு ஒன்பது வருஷம் எடுத்துக்கொண்ட மந்திரி, இந்த வேலையை ஒரே மாதத்தில் முடித்தார். முதல் கதவை மாட்டியதும் முதல் ஆளாக உள்ளே ஓடியவரும் அவர்தான்.