ஆட்டுக்குச் சுவர், பிள்ளைக்குக் கயிறு

உன்னைத்தான் கேட்கிறேன். மூன்று மாடி எழுப்பினாய். வாசலுக்குப் பளிங்கு பதித்தாய். வண்டி நனையக் கூடாதென்று கூரை போட்டாய். மொட்டை மாடியைச் சுற்றி இடுப்பளவு கைப்பிடிச் சுவர் எழுப்ப மட்டும் உனக்குக் கை வரவில்லை. கேட்டால், "இத்தனை வருஷத்தில் எவன் விழுந்தான்?" என்கிறாய். ஒருவன் விழட்டும் என்று காத்திருக்கிறாயா?

எதற்கும் பேரம் பேசுகிறவன் நான். இதற்குப் பேச மாட்டேன். உட்கார், ஒரு கதை சொல்கிறேன். மற்றவர்களும் கேளுங்கள். பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டே கேளுங்கள்.

கல்லில் பெயர் வெட்டிக்கொண்ட ராஜாக்களின் கல்லும் தேய்ந்துபோன அத்தனை பழைய காலம். கானான் நாட்டு மலைச்சரிவில் எல்தாத் என்றொரு எபிரேயன் வாழ்ந்தான். எபிரேயர் எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்த ஜனங்கள். அங்கிருந்து தப்பி, நாற்பது வருஷம் பாலைவனத்தில் கூடாரத்தோடு அலைந்து, கடைசியில் அந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள்.

எகிப்தை விட்டுக் கிளம்பியபோது எல்தாத்துக்கு ஐந்து வயசு. இப்போது தாடி நரைத்துவிட்டது. அவன் மனைவி திர்சாள் பாலைவனத்தில் பிறந்தவள். நெடுங்காலம் ஏங்கி, அழுது, நேர்ந்துகொண்டு அவர்கள் பெற்ற ஒரே பெண் மில்காள். அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள்.

அந்த ஜனங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. புது வீடு எழுப்புகிறவன் மேல்தளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவரும் எழுப்ப வேண்டும். எழுப்பாவிட்டால், விழுகிறவரின் ரத்தப்பழி அந்த வீட்டின் மேல். இந்தச் சட்டத்தைக் கேட்டபோது எவனுக்கும் வீடு இல்லை. எல்லோரும் நன்றாகத் தலையாட்டினார்கள். கூடாரத்தில் கிடப்பவனுக்குத் தலையாட்டுவதில் என்ன நஷ்டம்?

எல்தாத் வீடு எழுப்பினான். வெயில் காய்கிற தட்டையான மேல்தளம். திர்சாள் அங்கேதான் நார் உரிக்கிற சணல் தட்டைகளைக் காயவைப்பாள். பிள்ளையும் கூடவே ஏறிவிடும்.

முதல் தடவை திர்சாள் சொன்னாள்: "மேலே சுவர் வேண்டும்."

"ஓநாய் வருகிறது. முதலில் ஆட்டுப்பட்டி முடியட்டும்" என்றான். நெஞ்சுயரத்துக்குப் பட்டிச் சுவர் எழும்பியது.

இரண்டாம் தடவை சொன்னாள்.

"கூடாரத்து உச்சியிலிருந்து எவனாவது விழுந்து செத்தானா?"

"கூடாரத்து உச்சியில் எவள் சணல் காயப் போட்டாள்?"

அவன் கோலை எடுத்துக்கொண்டு ஆடு மேய்க்கப் போய்விட்டான்.

மூன்றாம் தடவை பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வந்து சொன்னாள். தண்ணீர்க் குடம் உருண்டு விளிம்பைத் தாண்டிக் கீழே நொறுங்கியிருந்தது. அது எங்கே போயிற்று என்று பார்க்க மில்காள் தவழ்ந்தே விளிம்புவரை போய்விட்டாள். பாவாடையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் பிள்ளை இல்லை.

எல்தாத் சிடுசிடுத்தான். "சுவர் எழுப்பிச் சாகவா நாற்பது வருஷம் நடந்தோம்? எகிப்தில் எழுப்பியது போதாதா? பிள்ளைக்குச் சொல்லி வளர்."

அதன் பிறகு திர்சாள் கேட்கவில்லை.

சில நாள் கழித்து மத்தியானமே ஆடுகளோடு திரும்பினான் எல்தாத். மகளைக் கொஞ்சலாமென்று மேலே ஏறினான். ஏறியவன் அப்படியே நின்றான். மில்காளின் கணுக்காலில் கயிறு. மறுமுனை தளத்து நடுவில் அடித்த முளையில்.

"அடிப் பாவி! என் மகளை ஆடு மாதிரியா கட்டிப்போட்டிருக்கிறாய்?"

திர்சாள் சணலைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்: "நம் ஆட்டை எங்கே கட்டிப்போட்டிருக்கிறோம்? அதுகளுக்குத்தான் சுவர் இருக்கிறதே."

எல்தாத் ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்தான். "வாடி என் கண்ணே, அப்பாவிடம் ஓடி வா" என்று சற்றுத் தள்ளி உட்கார்ந்து கை நீட்டினான்.

பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். கயிறு எட்டும் தூரம்வரை வந்தாள். அங்கே தானாக நின்றுவிட்டாள்.

காலில் கயிறு இல்லை. ஆனாலும் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், அங்கேயே உட்கார்ந்துகொண்டாள்.

எல்தாத் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். திர்சாள் பதறி ஓடிவந்தாள். அவன் தன் இடது காலை நீட்டினான். கணுக்காலைச் சுற்றிப் பழைய தழும்பு.

"முள் கிழித்தது என்றீர்களே?"

"பொய். என் அம்மா சூளையில் மண் மிதிக்கும்போது கங்காணி என்னைக் கயிற்றில் கட்டிவைப்பான். கிளம்பிய நாளில் அம்மா அவிழ்த்துவிட்டு ஓடச் சொன்னாள். எனக்கு ஓடத் தெரியவில்லை, திர்சாள். கயிறு எட்டிய தூரத்திலேயே நின்றேன். அம்மா தூக்கிக்கொண்டு ஓடினாள்."

திர்சாள் அந்தத் தழும்பின் மேல் கை வைத்தாள். "சத்தியமாக எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கூடாரக் கயிறுதான்."

"கட்டியது நீயில்லை" என்றான் அவன். "நான்தான்."

அன்றைக்கே ஆடுகளை வீட்டுக் கீழறைக்குள் ஓட்டினான். பட்டிச் சுவரைக் கலைத்தான். கல் கல்லாக மேலே சுமந்தான். மூன்றாம் நாள் சுவர் முடிந்தது.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டான். பழைய இடத்திலேயே நின்றாள். மறுபடி கூப்பிட்டான். ஒரு அடி வைத்துப் பின்வாங்கினாள். மூன்றாம் தடவை அவன் கூப்பிடவில்லை. கல்லைத் தட்டித் தாளம் போட்டான். பிள்ளை காலைப் பார்க்க மறந்து, ஓடிவந்து, இரண்டு உள்ளங்கையாலும் சுவரைப் பட்டென்று அடித்துச் சிரித்தாள். அதன்பின் அந்தத் தளம் முழுக்க அவள் காலடிதான்.

வீட்டுக்காரன் எழுப்பாமல் விட்ட சுவரை, அந்த வீட்டின் மிகச் சிறிய கால்தான் கயிறாகச் சுமக்கிறது.

கதை அவ்வளவுதான். இப்போது உன்னிடம் வருகிறேன். உன் மேல்மாடியில் குடியிருக்கிறவள், மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தன் பிள்ளையை ஜன்னல் கம்பியில் சேலைக் கிழிசலால் கட்டிவைக்கிறாள். நேற்று நானே அவிழ்த்துவிட்டுக் கூப்பிட்டேன். பிள்ளை நாலு எட்டு வைத்தது. நின்றுவிட்டது.

வண்டிக் கொட்டகைக்கு வாங்கிய செங்கல் உன் கொல்லையில் மீந்து கிடக்கிறது. எழுந்திரு. ஆளைக் கூப்பிடு. பொழுது சாய்வதற்குள் முதல் வரிசை ஏறியாக வேண்டும். சுவர் முடிந்ததும் நீயே போய் அந்தப் பிள்ளையைக் கூப்பிடு. அது உன்னிடம் ஓடிவரும்வரை கூப்பிடு.