சென்னியப்பன் பெண் பார்க்கப் போன சலவை வண்டி

வேலங்காட்டுப்புதூர் என்றொரு ஊர். அங்கே சென்னியப்பன், வையாபுரி, மாரப்பன் என்று மூன்று அண்ணன் தம்பிகள். மூன்று பேருக்கும் சேர்த்து மூளை கம்மி என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூளை நிறையவே இருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்வதற்கே அதெல்லாம் செலவாகிப் போனதால் வேறு எதற்கும் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

மூத்தவன் சென்னியப்பனுக்கு வயது முப்பத்தெட்டு. மூன்று இடத்தில் பெண் பார்த்தாகிவிட்டது, மூன்றும் கைகூடவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவான். இறங்கும்போது சட்டை, வேட்டி, முகம் மூன்றும் ஒரே மாதிரி கசங்கியிருக்கும். மூன்றாவது இடத்தில் பெண்ணின் சித்தப்பா நேராகவே சொல்லிவிட்டார்: "மாப்பிள்ளை நல்லவராத்தான் தெரியறாரு. ஆனா கசங்கித் தெரியறாருங்களே."

அது சென்னியப்பனுக்குத் தைத்துவிட்டது. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூத்தவனுக்கு ஆகாமல் இளையவர்களுக்குப் பேச முடியாது என்பதால் தம்பிகளுக்கும் இறங்கவில்லை.

இந்த நிலையில் நாலாவதாக ஒரு இடம் வந்தது. மலையடிவாரத்தில் கரட்டூர், பெண் பெயர் மயிலாத்தாள். நாலு மணி நேரப் பயணம். இந்த முறை கசங்கவே கூடாது என்று மூவரும் கூடிப் பேசி, பள்ளிக்கூடத்தில் கழித்துவிட்ட பழைய மஞ்சள் வேன் ஒன்றை வாங்கினார்கள். அதற்குள்ளேயே துவைத்து, உலர்த்தி, தேய்த்து, போட்டுக்கொண்டு இறங்கிவிடலாம் என்பது திட்டம். மூடிப்போன ஒரு லாட்ஜின் வாஷிங் மெஷினும், கேஸில் ஓடும் துணி உலர்த்தும் மெஷினும் ஏலத்தில் கிடைத்தன. எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கரூரில் பாடி கட்டும் பட்டறைக்குப் போனார்கள்.

பட்டறைக்காரர் கதிர்வேலு கெட்டிக்காரர். பத்தே நாளில் கேஸ் லைன் இழுத்து, தண்ணீர்த் தொட்டியும் பேட்டரியும் பொருத்தி, உலர்த்தும் மெஷினுக்கு இணைப்புக் கொடுத்து, வண்டியின் பின்பக்கம் சிலிண்டருக்கென்று தனியாக இரும்புப் பெட்டியும் வைத்துவிட்டார். கிளம்பும்போது பொறுமையாக நாலு வார்த்தை சொன்னார்.

"பாருங்க தம்பி, சிலிண்டர் எப்பவும் வண்டிக்கு வெளியேதான் இருக்கோணும். மெஷினை மட்டமான எடத்துல நிறுத்தித்தான் ஓட்டோணும். அப்பப்ப குழாய்ல சோப்புத் தண்ணி வெச்சுப் பாருங்க. நுரை பொங்குனா கேஸ் லீக்குன்னு அர்த்தம். உடனே எல்லாரும் எறங்கி அம்பது அடி தள்ளிப் போயிரோணும். பக்கத்துல இருக்கறவங்களையும் கூட்டிட்டுப் போயிருங்க."

மூவரும் அதை மனப்பாடம் செய்துகொண்டார்கள். மறந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் முதல் சந்தேகம் வையாபுரிக்கு வந்தது. பின்பக்கத்து இரும்புப் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அண்ணா, இந்தப் பொட்டி வண்டிக்கு வெளியேவா இருக்குது?"

"வெளியேதான்டா இருக்குது."

"வண்டியோட ஒட்டியில்ல இருக்குது? மூக்கு மூஞ்சிக்கு வெளியே நீட்டிட்டு இருக்குதுன்னு அதை மூஞ்சி இல்லைன்னு சொல்ல முடியுமுங்களா?"

சென்னியப்பன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தான். தம்பி சொல்வது சரி. பெட்டியில் பெண் வீட்டுக்கு எடுத்துப் போகும் தேங்காய் பழத்தை வைத்துப் பூட்டினார்கள். சிலிண்டரை வாசலில் வேப்பமரத்தடியில் நிறுத்தி, அதிலிருந்து குழாயை வேன் ஜன்னல் வழியாக உள்ளே விட்டார்கள். மாரப்பன் வண்டியைக் கிளப்பினான். பன்னிரண்டு அடி போனதும் குழாய் விறைத்து நின்றது.

"கரட்டூருக்கு இன்னும் எத்தனை தூரம் இருக்குதுங்கண்ணா?" என்று கேட்டான் மாரப்பன்.

"தொண்ணூத்தஞ்சு கிலோமீட்டர்."

"அவ்வளவு நீளத்துக்குக் குழாய் கெடைக்காதுங்களே."

அரை மணி நேரம் யோசித்தார்கள். வழி கண்டவன் சென்னியப்பன். சிலிண்டரை மொபெட்டில் கட்டி, வையாபுரி வேனுக்குப் பக்கத்திலேயே ஓட்டி வர வேண்டியது. குழாய் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். சிலிண்டரும் வண்டிக்கு வெளியே. தன் மூளையை நினைத்து அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

நல்லவேளை, சிலிண்டரைத் திறந்துவிட வேண்டும் என்று கதிர்வேலு சொல்லவில்லை. சொல்லாததால் யாரும் திறக்கவுமில்லை.

புதுச் சட்டை, புது வேட்டி. கரட்டூரில் துவைக்கப் போகிறோம், அழுக்கில்லாததை எப்படித் துவைப்பது என்று மாரப்பன் கேட்டதால், சென்னியப்பன் அதை வீட்டிலேயே உடுத்திக்கொண்டு, வழியெல்லாம் கிரீஸ் ஒட்டிய குழாயைக் கட்டிப்பிடித்தபடி வந்தான். நாமக்கல் தாண்டுவதற்குள் சட்டை துவைப்பதற்குத் தயாராகிவிட்டது.

சுங்கச்சாவடியில்தான் கொஞ்சம் சிக்கல். வேன் ஒரு வழியில் போனது. மொபெட்டுக்கு ஓரத்தில் தனி வழி. நடுவே கூண்டு, கூண்டுக்குள் ஒரு இளைஞர். குழாய் இந்த ஜன்னலில் நுழைந்து அந்த ஜன்னலில் வெளியேறி, அவருடைய கழுத்துக்குக் கீழே நின்றது.

"என்னங்க இது?"

"கேஸ் லைனுங்க," என்றான் சென்னியப்பன் மரியாதையாக.

"இதைக் கழட்டுங்க மொதல்ல!"

"கழட்டோணும்னு பட்டறைக்காரர் சொல்லலீங்களே. அவரை வேணும்னா ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கட்டுங்களா?"

பின்னால் இருபது லாரி ஹாரன் அடித்தது. அந்த இளைஞர் தலையைக் குனிந்து குழாய்க்கு வழிவிட்டு, இரண்டு பக்கக் கம்பியையும் ஒரே நேரத்தில் தூக்கினார். வேனும் மொபெட்டும் பதமாக, ஒரே வேகத்தில் அவரைக் கடந்து போயின. அவர் அன்று மத்தியானமே லீவு சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்வி.

கரட்டூர் முழுக்கச் சரிவு. மட்டமான இடம் வேண்டுமே! ஒரு டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தெருவாகப் போனார்கள். எல்லா இடத்திலும் சிந்தியது. கடைசியில் ஒரு வீட்டின் முன்னால் சிமெண்டு போட்ட நெல் களம் கிடைத்தது. டம்ளர் அசையாமல் நின்றது. வேனை அங்கே நிறுத்தினார்கள்.

அது பெண் வீடு. உறவுக்காரர் பதினைந்து பேர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா நஞ்சப்பன் சிரித்த முகத்தோடு எழுந்து வந்தார்.

"வாங்க, வாங்க! மாப்பிள்ளை எங்கீங்க?"

மாரப்பன் இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "இன்னும் வரலைங்க. உள்ள துவைச்சிட்டு இருக்காருங்க. முக்கால் மணி நேரத்துல வந்துருவாருங்க."

உள்ளே சென்னியப்பன் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தான். சட்டையும் வேட்டியும் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தன. ஜன்னல் இடுக்கு வழியாக வெளியே பார்த்தான். வாசல் தூணை ஒட்டி, பச்சைச் சேலையில், கையில் காபித் தட்டோடு ஒரு பெண் நின்றாள். அவள் யாரென்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சாமி, இந்த ஒரு தடவை மட்டும் கசங்காமல் இறங்கிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டான்.

அப்போது மெஷின் மூடி மெல்ல மேலெழும்பியது. வெள்ளை வெளேரென்று நுரை.

சென்னியப்பன் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். சோப்பு நுரையேதான். நுரை அவன் மடியில் இறங்கியது, மார்பில் ஏறியது, தலைக்கு மேல் பொங்கியது. பட்டறைக்காரர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்தது. இந்த அளவுக்கு நுரை என்றால் எந்த அளவுக்கு லீக்!

கதவைத் திறந்துகொண்டு குதித்தான். கண்ணும் மூக்கும் தவிர மீதியெல்லாம் நுரை.

"லீக்கு! கேஸ் லீக்கு! எல்லாரும் ஓடுங்க! அம்பது அடி!" என்று கத்தியவன், தூணருகே நின்றவளைப் பார்த்து, "அம்மணி, நீங்க மொதல்ல ஓடுங்க! நான் பின்னால வரேன்!" என்றான்.

பதினைந்து உறவுக்காரர்களும் பக்கத்துக் கடலைக்காட்டில் போய் நின்றார்கள். மாரப்பன் ஒன்று, இரண்டு என்று அடி எண்ணிக்கொண்டு வந்து, ஐம்பதாவது அடியில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினான். வையாபுரி மொபெட்டை விட்டுவிட்டு வந்ததற்காக வருத்தப்பட்டான். மயிலாத்தாள் காபித் தட்டைக் கீழே போடாமல் கொண்டு வந்திருந்தாள்.

"ஆறிரும், எடுத்துக்குங்க," என்று நீட்டினாள்.

அவன் ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் காபியை வாங்கினான். பெண் பார்க்கும் சடங்கு அப்படியாகக் கடலைக்காட்டில் நடந்தது.

"லீக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நுரை வந்துச்சுங்க. நுரை வந்தா லீக்குன்னு பட்டறைக்காரர் சொல்லியிருக்காருங்க."

"மெஷின்ல சோப்புத்தூள் எவ்வளவு போட்டீங்க?"

"ரெண்டு டப்பாங்க."

"ஒரு சட்டைக்கா?"

"வேட்டியும் இருக்குதுங்க," என்றான் சென்னியப்பன் அடக்கமாக.

மயிலாத்தாள் தட்டை மாரப்பன் கையில் கொடுத்துவிட்டு நேராக வேனுக்கு நடந்தாள். சென்னியப்பன் போக வேண்டாம் என்று கெஞ்சினான், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அவள் உள்ளே போய் மெஷினை நிறுத்தி, சட்டையையும் வேட்டியையும் நல்ல தண்ணீரில் அலசி, பிழிந்து, கொண்டு வந்து கொடுத்தாள்.

"லீக்கை வெறுங்கையாலயே அடைச்சிட்டாங்கண்ணா," என்று வையாபுரி காதோடு சொன்னான். சென்னியப்பன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மயிலாத்தாளுக்கு முப்பத்திரண்டு வயது. அவளையும் நாலைந்து பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இதுக்கு முந்தி வந்தவங்க எல்லாம் தேய்ச்ச சட்டையைக் காட்டிட்டு உக்காந்திருந்தாங்க. இவரு துண்டோட நின்னுக்கிட்டு என்னைய மொதல்ல ஓடச் சொன்னாரு. எனக்கு இவரே போதுமுங்கப்பா."

நஞ்சப்பன் பெருமூச்சு விட்டார், பிறகு சிரித்தார். சகோதரர்களிடம் வந்து, "எங்களுக்குச் சம்மதமுங்க. நீங்களும் ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டு, ஒரு ஆள்கிட்டச் சொல்லி அனுப்புங்க," என்றார். எல்லாரும் எல்லாரிடமும் சொல்வதுதான்.

"இங்கேயே சொல்லிரலாமுங்களே," என்று வாயெடுத்த மாரப்பனை வையாபுரி அடக்கினான். ஊருக்குப் போய்த்தான் பேச வேண்டும். வழியில் தப்பித் தவறிக்கூட அந்தப் பேச்சு வந்துவிடக் கூடாதென்று தொண்ணூற்றைந்து கிலோமீட்டரும் வாயைத் திறக்காமல் வந்தார்கள். வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"அண்ணா, புடிச்சிருக்குதுங்களா?"

"ரொம்பப் புடிச்சிருக்குது."

கலந்து பேசியாகிவிட்டது. இனி ஒரு ஆள்கிட்டச் சொல்லி அனுப்ப வேண்டும். யாரை? வையாபுரி சிலிண்டரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாரப்பனுக்கு வேனைக் கழுவும் வேலை. இருந்தது ஒரே ஆள். அவனைக் கூப்பிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி, இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டு, மறுநாள் காலை பஸ் ஏற்றிவிட்டார்கள்.

இந்த முறை சென்னியப்பன் தூங்கவில்லை. உட்காரக்கூட இல்லை. இஸ்திரிக் கடையில் தேய்த்து வாங்கிய சட்டை மடிப்புக் கலையாமல் இருக்க, சீட்டெல்லாம் காலியாகக் கிடந்த பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். கரட்டூரில் இறங்கும்போது அவனைப் போல ஒரு கசங்காத மனிதர் அந்த ஜில்லாவிலேயே இல்லை.

நஞ்சப்பன் வாசலில் இருந்தார். முந்தின நாள் நுரைக்குள் பார்த்த ஆளுக்கும் இந்த வெள்ளைச் சட்டைக்காரருக்கும் அவர் முடிச்சுப் போடவில்லை.

"யாருங்க? எங்கிருந்து வாரீங்க?"

"வேலங்காட்டுப்புதூருங்க. மாப்பிள்ளைக்குச் சம்மதம்னு சொல்லிட்டு வரச் சொல்லி அனுப்பிச்சிருக்காங்க."

நஞ்சப்பனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சேதி கொண்டுவந்த ஆளை உட்கார வைத்து மோர் கொடுத்தார். பிறகு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு, பெண்ணைப் பெற்றவருக்கே உரிய கவலையோடு குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க அந்த ஊர்க்காரரு. ஒளிக்காமச் சொல்லோணும். மாப்பிள்ளை ஆளு எப்படிங்க? என் பொண்ணை நல்லா வெச்சுப் பாத்துக்குவாருங்களா?"

சென்னியப்பன் மோரைக் கீழே வைத்தான். ஒரு பெண்ணின் வாழ்க்கை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட முடியாது. அவனிடம் சொல்லி அனுப்பியது சம்மதம் என்ற ஒரு வார்த்தை மட்டும்தான்.

ஜன்னலில் மயிலாத்தாள் வந்து நின்றாள். குரலை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டிருந்தாள். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அவரு அதைப் பத்தி என்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க," என்று சென்னியப்பன் எழுந்தான். "பதினொண்ணரைக்கு ஒரு பஸ் இருக்குதுங்க. போய் அவரையே நேர்ல கேட்டுட்டு வந்து சொல்லிடறனுங்க."