மூன்று பேருக்குக் கட்டிய உப்பரிகை

வேங்கைமலை நாட்டை முன்னொரு காலத்தில் அலங்காரவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று நான் சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி அவனுக்கு. எந்தப் புத்தி வந்தாலும் அதற்குத் தலையாட்ட ஏகாம்பர ராயர் என்று ஒருவர் அரண்மனைச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தார்.

ஒரு தடவை, கூரை இடிந்து தலையில் விழுவதாக ராஜா கனவு கண்டான். "இடியவே இடியாத மண்டபம் வேண்டும்!" என்று அலறினான். ராயர் முன்னே நின்று நாற்பது தூண் நட வைத்தார். மண்டபம் இடியவில்லைதான். உள்ளே உட்காரவும் இடமில்லை. வந்த தூதுவர்கள் ராஜாவைத் தேடி அலுத்துப்போய், ஏதோ ஒரு தூணைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். மலையில் பாதிக் கல் அதற்கே தீர்ந்தது.

மறு வருஷம் ராஜாவுக்குச் சிக்கனப் பைத்தியம் பிடித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் சித்திரைத் தேர் பார்க்க ஓர் உப்பரிகை வேண்டும் என்று அரண்மனைக் கொத்தன் மூக்கனைக் கூப்பிட்டான். மூக்கன் தரையில் கோடு போட்டு, "எட்டுத் தூண் வேணும் சாமி" என்றான்.

மூக்கன் கட்டிய கோட்டை வாசலை ராஜா ஒருநாள் புகழ்ந்துவிட்டதிலிருந்து ராயருக்கு வயிற்றெரிச்சல். எழுந்து நின்றார்.

"மகாராஜா! இந்த மூக்கன் கட்டியது எதுவாவது இதுவரை இடிந்ததுண்டா?"

"இல்லையே."

"இதிலிருந்து என்ன தெரிகிறது? தேவைக்கு மேல் கல்லைக் கொட்டியிருக்கிறான் என்று தெரிகிறது! நாலு தூண் போதும்."

ஆகா, என்ன மூளை! சபையே கை தட்டியது. நாற்பது தூண் நட்ட நாளிலும் தட்டிய அதே கைகள்தான்.

மூக்கன் மகள் பவளாயிதான் ராஜாவுக்கு வெண்சாமரம் வீசுகிறவள். தேர் அன்று அவளும் அந்த உப்பரிகையில் நிற்பாள். முடியாது என்று சொன்னால் இவனைச் சிறையில் போட்டுவிட்டு வேறு கொத்தனை வைத்துக் கட்டுவார்கள். பிள்ளை அப்போதும் அங்கேதான் நிற்பாள். அதனால் கோபத்தை விழுங்கிக்கொண்டு கேட்டான்.

"ராயரய்யா, மேலே எத்தனை பேரு ஏறுவீங்க?"

"இது ஒரு கேள்வியா? மகாராஜா, மகாராணி, நான். மூன்று பேர்."

"மூணு பேருக்கு நாலு தூண் தாராளம் சாமி. மூணு பேருக்குன்னு ராஜ கட்டளையா படிக்கட்டுக்குப் பக்கத்துல கல்லுல வெட்டிடட்டுமா?"

கல்லில் தன் பெயர் ஏறுவதென்றால் அலங்காரவர்மனுக்குச் சர்க்கரைப் பொங்கல். "பெரிய எழுத்தாக வெட்டு!" என்றான். அந்த நாட்டில் கல்லில் வெட்டிய கட்டளையை ராஜாவே மீறினாலும் குற்றம்.

தேருக்குப் பத்து நாள் முன்னால், நாலு தூணில் கட்டி முடித்த உப்பரிகையை ராஜா வெள்ளோட்டம் பார்க்க வந்தான். படிக்கட்டில் மூக்கன் குறுக்கே நின்றான்.

"மூணு பேருதான் சாமி. குடை பிடிக்கிறவர் கீழேயே நிக்கட்டும்."

"உச்சி வெயிலில் குடையில்லாமலா?"

"வெத்தலை மடிக்கிற அடைப்பைக்காரரும் கீழே. நீங்க துப்புற படிக்கம் ஏந்துறவரும் கீழே. கட்டியக்காரரும் கீழே."

ராஜா பதறினான். "கட்டியம் கூறாவிட்டால் நான் யாரென்று ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

பரிவாரம் மொத்தம் இருபத்துநாலு பேர். இத்தனை வருஷமாக ராஜா அவர்கள் இல்லாமல் கொல்லைப்புறம்கூடப் போனதில்லை. அப்படியும் ராயர் கணக்கில் அவர்களில் ஒருவரும் வரவில்லை!

ராயர் சீறினார். "முட்டாளே, இவர்கள் ஏவலாட்கள். இவர்களை யாராவது எண்ணுவார்களா?"

"நீங்க எண்ண வேண்டாம். தூண் எண்ணுமே! ராயருக்கு நம்பிக்கை இருந்தா, ஆளுக்கொரு மணல் மூட்டையா இருபத்துநாலு மூட்டையை மேலே ஏத்திப் பார்ப்போம் சாமி. மூட்டை கட்டளையில சேராது."

"ஏற்று! தாங்கும்!" என்றார் ராயர். மூட்டை விழுந்தால் யாருக்கு வலிக்கப்போகிறது?

மூக்கன் கீழே இருந்தவர்களைத் தூரமாக விரட்டிவிட்டு, கப்பியும் கயிறும் வைத்து ஒவ்வொரு மூட்டையாக ஏற்றினான். பதினேழாவது மூட்டையில் நடு உத்தரம் படாரென்று முறிந்தது. தளம் சரிந்து புழுதி எழும்பியது. பவளாயி சாமரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அப்பனைப் பார்த்தாள். மூக்கனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ராஜா கத்தினான். "நாற்பது தூண் நடு! இல்லை, எண்பது!"

"நாப்பது தூண் மண்டபத்துல நீங்க எங்கே இருக்கீங்கன்னு இன்னும் தேடுறாங்க சாமி. எட்டுப் போதும். நிக்கிற இருபத்தேழு பேரைத் தாங்க ஆறு. தேரு வந்ததும் எல்லாரும் ஒரே பக்கமா ஓடி எட்டிப் பார்ப்பீங்க, அதுக்கு ரெண்டு. அதுக்கு மேலே ஒரு கல்லு வெச்சாலும் அது பயத்துக்கு வெக்கிறது."

அலங்காரவர்மன் முதல் முறையாக ஒரு நாள் முழுக்க ஒரே புத்தியோடு இருந்தான். மூக்கனுக்குக் கையில் போடத் தங்கத் தோடாவும் பட்டும் கொடுத்தான். ராயரிடம் திரும்பி, "எண்ணத் தேவையில்லாத ஆட்களோடு நீரும் ஒரு வருஷம் இரும். படிக்கம் உம்முடையது" என்றான்.

மூக்கன் முன்பே அளவு போட்டு வெட்டி வைத்திருந்த கற்கள் தயாராக இருந்ததால் தேருக்குள் எட்டுத் தூண் எழும்பிவிட்டது. கட்டளைக் கல்லிலும் ராஜா உத்தரவுப்படி 'இருபத்தேழு பேர்' என்று புதிதாக வெட்டியாயிற்று. தேரன்று படிக்கட்டின் பக்கத்தில் நின்று மூக்கன் ஆட்களை எண்ணி மேலே விட்டான். கடைசியில், ராஜாவின் எச்சில் படிக்கத்தோடு, மீசை தொங்க ராயர் வந்தார். தலை நிமிராமல், "என்னையும் எண்ண வேண்டுமா, மூக்கா?" என்று முணுமுணுத்தார்.

"உங்களைப் படிக்கத்தோட சேர்த்தே எண்ணியாச்சு ராயரய்யா. பயப்படாம ஏறுங்க" என்றான் மூக்கன்.